புகைமரம்: விறகுக் கணக்கில் வாங்கக் கூடாத சரக்கு



இறைச்சியையும் மீனையும் மரப்புகையில் பக்குவப்படுத்தித் தரும் உணவகங்கள் நம் மாநிலத்துப் பெரிய நகரங்களில் இடம் பிடித்துவிட்டன. வீட்டு மாடியில் கரி அடுப்பு வைத்து விடுமுறை நாளில் கறி சுடுவோரும் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கரி மட்டும் போதாது. "கொய்யாக் கட்டை இருக்கிறதா, மாங்கட்டை இருக்கிறதா, ஆப்பிள் மரம் வரவழைத்துத் தர முடியுமா?" என்று மளிகைக் கடையிலேயே வந்து கேட்கிறார்கள். கரி விற்கும் கடையில் இதுவும் கிடைக்கும் என்று அவர்கள் எண்ணுவது நியாயம்தான்.

நம்மில் பலர் இதை விறகு வியாபாரம் என்று எண்ணி, விறகுக் கடையில் சொல்லி வைத்து, வந்ததை வந்தபடி மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறோம். இது தவறான வழி. விறகு பாத்திரத்திற்கு அடியில் எரிகிறது. அதன் புகை உணவைத் தொடுவதில்லை. புகைமரத்தின் புகையோ நேராக இறைச்சியின் மீது படிந்து, அதனோடு வயிற்றுக்குள் போகிறது. ஆகவே மிளகாய், மல்லி, பட்டை, கிராம்பு வாங்கும்போது எப்படி ஈரம், வயது, கலப்படம் பார்க்கிறோமோ, அப்படியே இதையும் பார்த்து வாங்க வேண்டும். புகைமரம் உணவுச் சரக்கு. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

புகையிட்ட சரக்கு நமக்குப் புதிதும் அல்ல. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்து எடுப்பதுதான் நம் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விற்கும் மாசிக் கருவாடு. அதன் மணத்தில் பாதி புகையின் மணம்.

புகையில் என்ன இருக்கிறது?

மரத்தைச் சூடாக்கினால் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. நீர் போகும் வரை கட்டையின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பிறகு 200 டிகிரிக்கு மேல் மரத்தின் நார்ப்பொருள்கள் சிதையத் தொடங்குகின்றன. இறைச்சிக்குப் பொன்னிறமும் மெல்லிய இனிப்பு வாடையும் வருவது இவற்றால்தான். 300 டிகிரியைத் தாண்டும்போது மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் சிதைகிறது. அதிலிருந்து பிறக்கும் குவாயகோல், சிரிங்கோல் ஆகியவையே நாம் புகை மணம் என்று சொல்வதைத் தருகின்றன.

கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகைய வேண்டும். வெப்பம் மிகுந்து, இறைச்சிக் கொழுப்பும் நெருப்பில் சொட்டினால், பென்சோபைரீன் போன்ற தீய பொருள்கள் கூடுகின்றன. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. ஐரோப்பிய நாடுகளில் புகையிட்ட இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று 2014 செப்டம்பர் முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஈர மரத்தை இட்டால் வேறு வகைத் தொல்லை. நீரை ஓட்டுவதிலேயே வெப்பம் செலவாகி, மரம் அரைகுறையாகச் சிதைந்து, தடித்த வெண்புகை வரும். அந்தப் புகை இறைச்சியின் மீது தாராகப் படியும். கறி கசக்கும், நாக்கில் ஒட்டும். நன்கு காய்ந்த கட்டையின் புகை மெல்லியதாக, சற்று நீலம் கலந்து எழும். உணவகக்காரர் "உங்கள் கட்டை கசக்கிறது" என்று திருப்பி அனுப்பினால், பத்தில் எட்டு முறை மரத்தின் சாதியில் குற்றம் இராது. ஈரத்தில்தான் குற்றம் இருக்கும்.

எந்த மரம் ஏற்றது?

அமெரிக்காவில் ஆப்பிள், செர்ரி, பீச் மரங்களைப் பன்றி, கோழி இறைச்சிக்குப் பெரிதும் விரும்புகிறார்கள். மாட்டிறைச்சிக்கு ஓக், ஹிக்கரி போன்ற அழுத்தமான மரங்கள். ஜெர்மனியில் பீச்சு என்னும் காட்டுமரம் பெருவழக்கு. இது பீச் பழ மரம் அன்று, பெயர் ஒற்றுமையில் மயங்க வேண்டாம். ஜமைக்காவில் ஆல்ஸ்பைஸ் எனப்படும் நறுமணச் சரக்கைத் தரும் மரத்தின் கட்டையிலேயே கறி சுடுகிறார்கள். ஹவாய்த் தீவுகளில் கொய்யா மரம் பயன்படுகிறது.

ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச், செர்ரி ஆகிய ஐந்தும் ரோஜாக் குடும்பத்து மரங்கள். இவற்றின் புகை மென்மையானது. இமாசலத்திலும் காஷ்மீரத்திலும் குளிர்காலத்தில் ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்வார்கள். அங்கிருந்து வரவழைக்க வண்டிச் சத்தம் அதிகமாகும். நமக்கு அண்மையில் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பேரி, பிளம்ஸ், பீச் மரங்கள் இருக்கின்றன. தோட்டக்காரர் கழிக்கும் கிளைகளைக் கேட்டு வைத்தால், ஆப்பிளுக்கு ஈடான சரக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.

சமவெளி மரங்களில் முதலிடம் கொய்யாவுக்கு. கட்டை கனமானது, பிசின் தொல்லை இல்லை, கோழிக்கும் மீனுக்கும் ஏற்ற மென்மையான புகை. பழனியை அடுத்த ஆயக்குடி போன்ற கொய்யாத் தோட்டப் பகுதிகளில், பழைய மரங்களை மாற்றும்போது கட்டை கிடைக்கும்.

மாமரம் தாராளமாகக் கிடைப்பது. கிருஷ்ணகிரி, சேலம், திண்டுக்கல் தோப்புகளில் அறுவடை முடிந்த பின் கிளை கழிப்பார்கள். மாம்பாலில் தோலை அரிக்கும் பொருள் உண்டு என்பது தோப்பில் வேலை செய்வோருக்குத் தெரியும். ஆகவே பட்டை உரித்து, முழுதும் உலர்ந்த மாங்கட்டையை மட்டுமே விற்க வேண்டும்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள் மிக மென்மையான புகை தருபவை. கட்டை சிறுத்திருக்கும், ஆகவே சில்லுகளாக விற்க ஏற்றவை. புளிய மரம் வலிமை மிக்கது. கறிக்கடையில் வெட்டுக் கட்டையாக இருப்பது அதுதான். புகைக்கும் ஆகும், ஆனால் உலர நெடுநாள் பிடிக்கும். பலா வைரத்திற்குத் தச்சு வேலையிலும் மிருதங்கம் செய்வதிலும் நல்ல விலை உண்டு. அதைப் புகைக்கு எரிப்பது வீண். கழிவுத் துண்டு கிடைத்தால் வாங்கலாம்.

சீமைக்கருவேல் பழமர வகையில் சேராது. ஆனாலும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தார் மெஸ்கிட் என்று போற்றிக் கறி சுடும் மரம் நம் சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவு. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிமூட்டங்களுக்குப் போகும் அதே மரத்தை நன்கு உலர்த்திக் கட்டையாகவும் விற்கலாம். சூடு அதிகம், புகை காரமானது. சிறிது நேரத்தில் சுட்டு எடுக்கும் கறிக்கு ஏற்றது. மணிக்கணக்கில் புகையிடுவதற்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம்.

எவற்றை ஒதுக்க வேண்டும்?

1. நச்சு மரங்கள். அரளி, எட்டி, தில்லை, சேங்கொட்டை மரம் ஆகியவற்றின் ஒரு குச்சிகூடக் கலந்துவிடக் கூடாது. கலவை விறகில் பொறுக்கி எடுத்த கட்டைகளை உணவகத்திற்குக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். முந்திரிக் கொட்டையின் மேலோட்டில் எரிச்சலூட்டும் எண்ணெய் இருக்கிறது. அந்த ஓட்டைப் புகைக்கு விற்கவே கூடாது.

2. பிசினும் தைலமும் உள்ளவை. பைன், தைலமரம் ஆகியவை. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஊசியிலை மரப்புகையிலேயே பன்றித் தொடை பக்குவம் செய்கிறார்கள் என்பது உண்மை. அது குளிர்புகையில் வாரக்கணக்கில் செய்யும் தனி மரபு. நம் வாடிக்கையாளரின் சூடான அடுப்புக்கு அது பொருந்தாது.

3. பெட்டி மரமும் பலகை மரமும். இறக்குமதிச் சரக்கோடு வரும் அடுக்குப் பலகைகளை, அதாவது பேலட்டுகளை, உடைத்துத் துண்டாக்கி மலிவாக விற்பவர்கள் உண்டு. அவற்றில் உள்ள முத்திரையைப் பாருங்கள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு செலுத்தியது. எச்.டி. என்றிருந்தால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. இதைக் காட்டி "சூளையில் உலர்த்திய மரம்" என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சூடு பூச்சியைக் கொல்வதற்கு. மரம் உலர்ந்ததற்கு அது சான்று ஆகாது. மேலும் அந்தப் பலகையின் மீது முன்பு எந்த இரசாயனம் கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. எச்.டி. முத்திரை இருந்தாலும் உணவுக்கு வேண்டாம்.

4. பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், பசை கலந்த பலகை, கரையானுக்கு மருந்து ஏற்றிய மரம், பழைய இரயில் தண்டவாளக் கட்டை. இவற்றை விளக்கத் தேவையில்லை.

5. மருந்து படிந்த பட்டை. எலுமிச்சை, மா மரங்களின் அடித்தண்டில் போர்டோ பசை பூசுவது வழக்கம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது அது. பட்டையில் நீலப் பச்சை நிறம் தெரிந்தால் அந்தப் பகுதியை விலக்குங்கள். கடைசியாக எப்போது மருந்து தெளித்தீர்கள் என்று தோப்புக்காரரைக் கேட்டு, கொள்முதல் குறிப்பில் எழுதி வையுங்கள்.

6. புயலில் விழுந்து கிடந்த மரம். 2011 டிசம்பரில் தானே புயலில் கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. 2018 நவம்பரில் கஜா புயலில் டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் தோப்புகள் அழிந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் மரம் மலிவாக வரும். விழுந்த உடனே அறுத்துப் பிளந்தால் நல்ல சரக்கு. மாதக்கணக்கில் ஈர மண்ணில் கிடந்து, பூசணம் பிடித்து, அடித்தால் பொத்தென்று ஒலிப்பது எந்த விலைக்கும் வேண்டாம்.

ஈரமும் எடையும்

இனி நம் கணக்குக்கு வருவோம். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கலாம். கணக்குக்காக 100-க்கு 45 பங்கு என்று கொள்வோம். கிலோ 10 ரூபாய் வீதம் 1,000 கிலோ வாங்கினால் முதல் 10,000 ரூபாய். இதில் மரம் 550 கிலோ, நீர் 450 கிலோ. விற்பனைக்கு உரிய பக்குவமான 100-க்கு 20 பங்கு ஈரத்திற்கு வந்ததும், எடைமேடையில் நிற்பது 687 கிலோதான். பட்டை, தூள், கழிவு என்று பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 618 கிலோ. ஆக, அடக்கம் கிலோவுக்கு 16 ரூபாய்க்கு மேல். அறுப்புக் கூலி, ஏற்றிறக்குக் கூலி, இடவாடகை, முடங்கிய முதலுக்கு வட்டி எல்லாம் இதற்கு மேல்தான்.

இந்தக் கணக்கு தெரியாதவர் 14 ரூபாய்க்கு விற்று, லாபம் என்று எண்ணி நட்டப்படுவார். இந்தக் கணக்கு தெரிந்து, பச்சை மரத்தையே உலர்ந்தது என்று சொல்லி விற்பவர், மிளகாய் மூட்டையில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுபவருக்கு அண்ணன். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பாதி நீருக்குப் போகிறது. அதோடு அவருடைய கறியும் கெடுகிறது. மிளகாயில் ஏமாந்தவர் விலையைக் குறைத்துக் கேட்பார். இதில் ஏமாந்தவர் தன் வாடிக்கையாளர் முன் தலைகுனிந்தவர், ஆகவே திரும்பி வரவே மாட்டார்.

உலர்த்தும் முறை

மரத்திலுள்ள நீர் பெரும்பாலும் வெட்டுமுகம் வழியாகவே வெளியேறுகிறது. பட்டை நீரைத் தடுத்து நிறுத்தும். எனவே மரம் வந்த அன்றே ஓர் அடி, ஒன்றேகால் அடி நீளத்திற்கு அறுத்து, பிளந்து, பட்டையை உரித்துவிட வேண்டும். உருட்டுக் கட்டையாகவே ஓர் ஆண்டு போட்டு வைப்பதைவிட, பிளந்து நான்கு மாதம் வைப்பது மேல்.

அடுக்கும்போது தரையில் படாமல் செங்கல் மீது சட்டம் வைத்து அடுக்குங்கள். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். ஒற்றை வரிசையாக, வெட்டுமுகம் காற்று வரும் பக்கம் பார்த்திருக்கட்டும். மேலே தகரமோ கீற்றோ போதும். பக்கங்களை மூடக் கூடாது. தார்ப்பாய் போட்டுச் சுற்றிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கடும் வெயில் தேவையில்லை. காற்றோட்டம்தான் தேவை.

வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை, மாசியில் கொள்முதல் செய்து, பங்குனி முதல் ஆனி வரை உலர்த்துவது நம் பகுதிக்கு ஏற்ற முறை. ஐப்பசி, கார்த்திகையில் அடுக்கிய மரம் உலராது. பூசணம்தான் வரும்.

எத்தனை மாதம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், தராசைப் பாருங்கள். அடுக்கிலிருந்து ஐந்து கட்டைகளைத் தேர்ந்து, சாக்பீஸால் எண் இட்டு, வாரம் ஒருமுறை அதே கட்டைகளை நிறுத்து எழுதுங்கள். எடை வாராவாரம் குறையும். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால், நம் ஊர்க் காற்றில் அது உலரக் கூடிய அளவுக்கு உலர்ந்துவிட்டது. கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால், எத்தனை நாள் வைத்தாலும் 100-க்கு 13, 14 பங்குக்குக் கீழே மரம் உலர்வது அரிது. அது நல்லதே. எலும்பாக வறண்ட மரம் குப்பென்று தீப்பிடித்து, புகை தராமல் எரிந்துவிடும். 15 முதல் 20 வரை உள்ள ஈரமே புகைக்கு ஏற்றது.

வாங்கும்போது சோதனை

கையில் எடுத்துப் பார்த்தால் அளவுக்குத் தக்கபடி இலேசாக இருக்க வேண்டும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கி வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். பச்சை மரம் மந்தமாக ஒலிக்கும். ஒன்றைப் பிளந்து உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முகர்ந்தால் புளித்த வாடையோ மக்கிய வாடையோ வரக் கூடாது. ஊசித் துளையும் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு விழுந்த சரக்கு.

ஈரமானி வாங்கி வைத்திருப்பவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வெளிமுகத்தில் குத்திப் பார்த்தால் பொய் சொல்லும். புதிதாகப் பிளந்த உள்முகத்தில் குத்த வேண்டும். இரண்டு, மர ஈரமானி காட்டுவது உலர்ந்த மரத்தின் எடைக்கு எத்தனை பங்கு நீர் என்ற கணக்கு. நாம் தானியத்திற்குச் சொல்வது மொத்த எடையில் எத்தனை பங்கு நீர் என்ற கணக்கு. 200 கிராம் துண்டை முழுதும் உலர்த்தி 160 கிராம் ஆனால், போன நீர் 40 கிராம். நம் கணக்கில் அது 20 பங்கு. ஈரமானியில் அதுவே 25 என்று காட்டும். பேசும்போது எந்தக் கணக்கு என்று முதலிலேயே தெளிவாக்கிக்கொண்டால் பிற்பாடு வழக்கு வராது.

ஐயம் வந்தால், கட்டையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டு அறுத்து, நகைத் தராசில் நிறுத்து, 103 டிகிரி சூட்டு அடுப்பில் எடை குறைவது நிற்கும் வரை வைத்து மறுபடி நிறுங்கள். இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

கிடங்கும் சிப்பமும்

உலர்ந்த மரத்தை மாவு, சர்க்கரை, தேயிலை வைத்திருக்கும் கிடங்கில் வைக்கக் கூடாது. வண்டும் கரையானும் அங்கிருந்து பரவும். அதுபோலவே மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரம், பூச்சி மருந்து அருகிலும் வைக்கக் கூடாது. மரத்துக்கு வாடையை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. மரக் கிடங்கில் பூச்சி மருந்து அடிப்பது அறவே கூடாது. தீக் காப்பீட்டுப் பாலிசியில் இந்தச் சரக்கையும் குறிப்பிட மறவாதீர்கள். குறிப்பிடாத சரக்குக்கு இழப்பீடு கேட்டு அலைய நேரும்.

சில்லறைக்கு 2 கிலோ, 5 கிலோ வெங்காய வலைப்பைகள் ஏற்றவை. பாலித்தீன் உறையில் அடைத்தால் ஒரே வாரத்தில் உள்ளே பூசணம் படரும். சீட்டில் மரத்தின் பெயர், எந்த ஊர்த் தோப்பு, அறுத்த மாதம், ஈர அளவு ஆகிய நான்கையும் எழுதுங்கள். கலப்பு மரம் என்றால் கலப்பு என்றே எழுதுங்கள். உலர்ந்த பின் கொய்யாவையும் மாவையும் எல்லோராலும் பிரித்தறிய முடியாது. அதனாலேயே நம் வாய்ச்சொல்லுக்கு இங்கே விலை அதிகம்.

வாடிக்கையாளர் கேட்பவை

"சில்லுகளைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா?" வேண்டாம். மரத்துக்குள் நீர் அவ்வளவு எளிதில் இறங்காது. மேலே ஒட்டிய நீர் ஆவியாகும் வரை அடுப்பில் எழுவது நீராவிதான், புகை அன்று. மாதக்கணக்கில் உலர்த்தியதை நனைப்பானேன்?

"எவ்வளவு போட வேண்டும்?" சூட்டுக்குக் கரி. மணத்துக்கு மரம். கைப்பிடி அளவுக் கட்டை இரண்டு மூன்று போட்டுப் பார்த்து, பிறகு கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சோம்பு அதிகமானால் குழம்பு என்னாகுமோ, அதுவேதான் இங்கும்.

"எந்த மரம் உயர்ந்தது?" இறைச்சிக்குத் தக்கபடி மேலே சொன்னதைச் சொல்லுங்கள். ஈர ஆப்பிள் மரத்தைவிட உலர்ந்த கொய்யா மரம் உயர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இச்சரக்கில் பெரும் லாபம் என்று சொல்வதற்கில்லை. இடம் அடைக்கும், முதல் நான்கு மாதம் முடங்கும். ஆனால் கரியும் மசாலாவும் உப்பும் வாங்க வரும் உணவகக்காரரை நம் கடையிலேயே நிறுத்தி வைப்பது இதுதான். சிறு அளவில், ஒரு டன்னுக்கு மேற்படாமல் தொடங்குங்கள். ஒரே தோப்புக்காரரிடம், மரம் நிற்கும்போதே பார்த்துப் பேசி வாங்குங்கள். எந்த மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் வனத்துறைச் சீட்டு தேவை என்பதை வண்டி கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எடை எழுதிய ஏட்டைக் கடையிலேயே வைத்திருங்கள். உணவகக்காரர் கேட்கும்போது அந்த ஏட்டை எடுத்துக் காட்ட முடிந்த வணிகரிடம் விலை பேரம் குறையும்.